அக்காவுக்கு வைக்காத தாம்பாளம்

என் மகளுக்குக் காது குத்திய அன்று, என் கூடப் பிறந்த அக்காவுக்குச் சேர வேண்டிய மொய்ப் பணத்தை நான் எடுத்துக்கொண்டேன். திருடினேன் என்று எழுதுவதுதான் சரி. பூட்டை உடைக்கவில்லை, பொய்க் கையெழுத்துப் போடவில்லை. ஒரு தாம்பாளத்தை வைக்க விடவில்லை, அவ்வளவுதான். அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் என் வயோதிகத்துக்கு வழி செய்துகொண்டேன். இன்றும் வேளைக்குச் சோறு, வெயிலுக்கு நிழல், யாரிடமும் கை நீட்டாத வாழ்க்கை என்று சௌக்கியமாக இருக்கிறேன். இந்தச் சௌக்கியம் எங்கிருந்து வந்தது என்பதை எழுதி வைக்காமல் போகக்கூடாது.

மதுரையில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் நான் சரித்திர ஆசிரியனாக இருந்தேன். சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்குப் பென்ஷன் உண்டு. எங்களுக்குப் பிராவிடண்ட் பண்டு மட்டும்தான். மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், நிர்வாகமும் கொஞ்சம் போடும். ஓய்வு பெறும் நாளில் மொத்தத்தையும் கையில் கொடுத்து, மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். எங்கள் டிராயிங் மாஸ்டர் அப்படி வாங்கிய பணத்தை இளைய மகள் கல்யாணத்தில் கரைத்துவிட்டு, அடுத்த பள்ளித் திறப்பன்றே வாசலில் வந்து நின்றார். பையன்களைக் கொண்டுவந்து சேர்க்கும் தகப்பன்மாரிடம் டியூஷன் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் படாமல் நான் பின்வாசல் வழியாகப் போனேன். அந்த வருஷம் முழுவதும் அப்படித்தான் போனேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஆனால் அந்தப் பயம் அன்றைக்கே பிடித்துவிட்டது.

நிலம் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சமயநல்லூர்ப் பக்கம், கால்வாய்த் தண்ணீர் பாயும் நஞ்சையில் ஒரு துண்டு இருந்தால் போதும். விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டால் நெல் வீடு தேடி வரும். சம்பளம் நின்றாலும் நெல் நிற்காது. இதுதான் என் திட்டம்.

என் அக்காவும் தன் முதுமைக்கு ஒரு திட்டம் வைத்திருந்தாள். அவள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கணவர் சீக்கிரமே இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. செல்லூரில் நெசவாளர் சந்து ஒன்றில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு எருமைகள் வைத்துப் பால் ஊற்றினாள். நான் கல்லூரியில் படித்த காலத்தில் அவள் வீட்டில்தான் தங்கினேன். சாணி மணத்துக்கு நடுவே ஐரோப்பியச் சரித்திரம் படித்தேன்.

அவள் கையில் காசு தங்காது. மாதத்தில் ஒரு விசேஷமாவது வரும். காதுகுத்து, கல்யாணம், பூப்புனித நீராட்டு, எதுவானாலும் விடிகாலைப் பாலை ஊற்றிவிட்டு, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போய் மொய் வைத்துவிட்டு, மாலைப் பாலுக்குத் திரும்பிவிடுவாள். அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊர்களில் அவள் மொய் ஏறாத வீடு குறைவு.

பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் என் எதிரிலேயே கேட்டாள்: "ஏந்தாயி, ஊரான் வீட்டு விசேசத்துல கொண்டுபோயிக் கொட்டுறியே, நீ யாருக்குக் காது குத்தித் திருப்பி வாங்கப் போற?"

"என் தம்பிக்குப் புள்ள பொறக்காமயா போயிரும்? அதுக்குக் குத்தயில எனக்கும் ஒரு தட்டு வப்பாக."

"இவருக்கு மொதல்ல பொண்ணு பாரு. புஸ்தகத்தக் கட்டிக்கிட்டுல்ல படுத்துருக்காரு."

பிறகு நானும் கேட்டேன், காசைச் சேர்த்து வைத்தால் என்ன என்று. அக்கா சிரித்தாள். "பானையில போட்டு வச்சா, ஒருத்தன் வந்து அழுவான், எடுத்துக் குடுத்துருவேன். இப்ப என் காசு நாலு ஊர்ல மேயுது. பொழுதடஞ்சா தன்னால வீடு வந்து சேந்துரும்."

இரண்டு தாம்பாளம் வைப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அண்ணன் தம்பி சேர்ந்து ஒரு விசேஷம் நடத்தினால் ஆளுக்கொரு தட்டு வைப்பார்கள். அண்ணனிடம் மொய் வாங்கியவர் அண்ணன் தட்டில் திருப்பிச் செய்வார், தம்பியிடம் வாங்கியவர் தம்பி தட்டில். அப்படித்தான் என் வீட்டு விசேஷத்தில் தன் தட்டையும் வைக்க அவள் நினைத்திருந்தாள். அந்தப் பணத்தில் குடியிருந்த வீட்டை வாங்கிவிடலாம். முன்கூடத்தில் இரண்டு தறிக்குழி உண்டு. அதில் நெசவாளர் இரண்டு பேரை உட்காரவைத்தால் வாடகை வரும். எருமைகளை விற்றுவிட்டுக் காலை நீட்டி உட்காரலாம். வீட்டுக்காரரும் அவளுக்குத்தான் தருவதாகச் சொல்லியிருந்தார்.

எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தாள். குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கியபோது அக்கா சொன்னது, "வாடி, எனக்குத் தட்டு வைக்க வந்தவளே" என்பதுதான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் தலையாட்டினேன். அதுவே என் வாக்கு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் காதுகுத்துக்கு நாள் குறித்தோம். அதே மாதம் சமயநல்லூர் நிலம் விலைக்கு வந்தது. அச்சாரம் கொடுத்துவிட்டேன். மீதிக்கு மொய்யைத்தான் நம்பியிருந்தேன். என் பங்கு மட்டும் போதாது. அக்காவின் பங்கையும் சேர்த்தால் சரியாக வரும். அறியாமல் சேர்த்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அறிந்தேதான் சேர்த்தேன்.

குலதெய்வக் கோயில் அலங்காநல்லூருக்கு அப்பால். புளியமரத்தடியில் பந்தல். மொய் வாங்க உட்கார்ந்தவன் என் மாமன் மகன். வைத்தவர் பேரையும் தொகையையும் பந்தல் முழுக்கக் கேட்கும்படி கூவுகிற குரல் அவனுக்கு. ஜமக்காளத்தை விரித்துக்கொண்டே கேட்டான்.

"மாப்ள, தட்டு ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு போதும்."

"மதினி தட்டு?"

"எல்லாம் ஒண்ணுதான்டா. பெறகு பிரிச்சுக்கிருவோம்."

"எப்படிப் பிரிப்ப? யாரு ஒனக்குச் செய்றா, யாரு அவுகளுக்குச் செய்றான்னு இந்தக் கூட்டத்துல நான் எங்கிட்டுக் கேக்குறது?"

"ஒண்ணு போதும்னு சொன்னேன்ல?"

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். புளி போட்டு விளக்கிய பித்தளைத் தாம்பாளம் ஒன்றைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள்.

"எங்கிட்டு வைக்கட்டும் தம்பி?"

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: "நல்ல காரியம் நடக்குற எடம்க்கா. உன் தட்டு முன்னால இருக்க வேணாம்னு பெரியவுக சொல்றாக."

"எந்தப் பெரியவுக?"

எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் விதவைக்கு அந்தக் கட்டுப்பாடே அவ்வளவாகக் கிடையாது. அவள் பொங்கல் வைக்காத திருவிழா எங்கள் கோயிலில் நடந்ததில்லை. விதவைகளின் துயரத்தைப் பற்றிப் பள்ளி மன்றத்தில் பேசிக் கைதட்டு வாங்கியவன் நான். படிப்பு எனக்கு அந்த நேரத்தில் ஒரு நல்ல பொய்யைத் தேடிக் கொடுக்க மட்டும் உதவியது.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி, கறி வெந்துருச்சான்னு பாக்குறேன்" என்று அடுப்புப் பக்கம் போனாள். பந்திக்குச் சோறு அள்ளிக்கொண்டு வர அந்தத் தாம்பாளத்தையே எடுத்துக்கொண்டாள்.

வந்தவர்களில் பலர், "செல்லூர்க்காரம்மா தட்டு எங்கப்பா?" என்று கேட்டார்கள். "எல்லாம் ஒண்ணுதான், போடுங்க" என்றான் மாமன் மகன். போட்டார்கள். பட்ட கடன் தீர்ந்தது என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டவள் அக்கா. ஒருமுறை திரும்பிவிட்ட மொய்யை மறுபடி யாரிடமும் கேட்க முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பத்திரம் பதிவான பிறகு ஒரே ஒரு தடவை கேட்டாள். "என் பங்க எப்படா தருவ? வீட்டுக்காரரு கேக்குறாரு."

"ஒரு அறுவடை முடியட்டும்க்கா."

அறுவடை முடிந்தது. அடுத்த அறுவடையும் முடிந்தது. வீட்டுக்காரர் வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் எருமை கட்டக்கூடாது என்றார். அக்கா வைகைக் கரையோரம் ஒரு கூரைக் கொட்டகைக்கு மாறினாள்.

பாவத்துக்குத் தண்டனையாக நிலம் பொய்த்தது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். நிலம் பொய்க்கவில்லை. நல்ல நிலம். யுத்த காலத்தில் ஊரே அரிசிக்கு அலைந்தபோதுகூட எங்கள் வீட்டில் அடுப்பு தவறாமல் எரிந்தது. தீபாவளிக்கு அக்கா வந்து சாப்பிடுவாள். "சமயநல்லூர் அரிசியா? மல்லிகப்பூ மாதிரி இருக்கு" என்பாள். குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்ப்பேன். இல்லை. சோறு நன்றாக இருந்தது, அதைச் சொன்னாள். எங்கள் வீட்டுக்குப் பாலும் அவள்தான் ஊற்றினாள். "பால் காசு எண்ணிக் குடுக்கயில எனக்குக் கை கூசுது" என்று என் மனைவி சொல்லுவாள். நான் பத்திரிகையைப் புரட்டுவேன்.

யுத்தம் முடிந்த கையோடு எனக்கு ஓய்வு வந்தது. மாலை போட்டார்கள், பேசினார்கள், பிராவிடண்ட் பண்டு பணமும் வந்தது. பள்ளிக்குப் போகவேண்டாத முதல் காலையில் சாய்வு நாற்காலியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா பால் செம்போடு படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் முழங்காலைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்தாள்.

"இனிமே உனக்கு தெனமும் லீவு தானா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். செம்பை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

என் மனைவி கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "உங்களுக்கு ஓய்வு குடுத்துட்டாக. மதினிக்கு யாரு குடுக்குறது?" என்றாள். அன்றைக்கு என்னால் பத்திரிகையைப் புரட்ட முடியவில்லை.

செல்லூரில் வீடு தேடினேன். பழைய வீடு கிடைக்கவில்லை. இரண்டு சந்து தள்ளி, தறிக்குழிகளோடு ஓட்டு வீடு ஒன்று கிடைத்தது. பண்டுப் பணத்தில் பெரும்பகுதி அதற்குப் போயிற்று. அக்கா பெயரில் பதிவு செய்து, பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"இது உன் காசு."

"இல்லக்கா. உன் காசுதான். அன்னைக்கு நான் எடுத்துக்கிட்டது." அந்தச் சொல்லை அவளிடம் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை, நானாகச் சொன்ன பொய் என்பதையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "காசு போனது போகட்டும்டா. நான் அம்புட்டுப் பேருக்குச் செஞ்சேன். எனக்குன்னு ஒருத்தர் வந்து செஞ்சாகன்னு இருக்கா? அனாதச் சிறுக்கி மாதிரி அடுப்படியில நின்னேன். வீட்ட நீயே வச்சுக்க."

அவள் இழந்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. புது வீட்டில் பால் காய்ச்சுகிற விசேஷத்தை அவள் பெயரில், அவள் தாம்பாளத்தோடு நடத்துவது என்று தீர்மானித்தேன். ஆனால் ஊர்க்காரர்கள் கணக்கில் அவளுக்கு யாரும் கடன்படவில்லை. ஆகவே வீடு வீடாக நானே போனேன். வெற்றிலை பாக்கு வைத்து, அன்றைக்கு நடந்ததை உள்ளபடி சொல்லிக் கூப்பிட்டேன்.

சிலர் திண்டாடினார்கள். சிலர் வேறு பேச்சை எடுத்தார்கள். அலங்காநல்லூரில் ஒருவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "வாத்தியாரே, நீங்க முழுங்குனதுக்கு நாங்க ரெண்டாந்தடவ செய்யணும்? சரித்திரத்துல இப்படி எந்த ராசாவாச்சும் கேட்டுருக்கானா?"

"கேட்டுருக்க மாட்டான். செய்ய வேணாம். வந்து ஒரு வா பால் குடிச்சிட்டுப் போங்க. அது போதும்."

"சாப்பாடு?"

"ரேஷன் காலம். அவலும் காப்பியும்தான்."

"சோறில்லாத விசேசத்துக்கு மொய்! வாரேன் போங்க, அந்தம்மாவுக்காக."

மாமன் மகனுக்குத் தலை நரைத்திருந்தது. அவனிடம் சொன்னபோது திட்டினான். "அன்னைக்கே கேட்டேன்ல மாப்ள? நீ பண்ணுன வேலைக்கு நானும் கூவியிருக்கேன்." இந்தத் தடவையும் தானே வந்து உட்காருவதாகச் சொன்னான்.

அக்காவைச் சம்மதிக்க வைத்தது என் மனைவிதான். எப்படி என்று எனக்குத் தெரியாது. இருவரும் ஒரு மத்தியானம் முழுவதும் எருமைக் கொட்டகையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாதிப் பேராவது வருவார்களா என்று பயந்தேன். வந்தார்கள். இறந்து போனவர்களின் மகன்கள் வந்தார்கள். பஸ்ஸிலும் வண்டியிலும் வந்தார்கள். அக்கா புதுச் சேலையோடு தாம்பாளத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மாமன் மகன் குரல் உடைந்து போயிருந்தாலும் ஒவ்வொரு பேரையும் சந்து முழுக்கக் கூவினான். நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் அவள் முகம் பூரித்தது. தாம்பாளம் நிறைய நிறைய அந்தப் பூரிப்பு குறைந்துகொண்டே வந்தது. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"என்னடா பண்ணி வச்சிருக்க? இதெல்லாம் புது மொய்."

"ஆமாக்கா."

"இம்புட்டையும் நான் எப்பத் திருப்பிச் செய்றது? எனக்கு என்ன வயசு? கடங்காரியாச் சாகச் சொல்றியா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. மாமன் மகன், "மதினி, உங்ககிட்ட யாரு திருப்பிக் கேக்கப் போறா?" என்றான்.

"கேக்க மாட்டாகன்னு வச்சுக்கிட்டா அதுக்குப் பேரு மொய்யா? பிச்ச. எடுத்துக் குடு எல்லாருக்கும்." எழுந்துவிடப் பார்த்தாள். முழங்கால் விடவில்லை.

"நான் செய்றேன்" என்றேன். "நீ வாங்குன ஒவ்வொரு வீட்டுக்கும் நான் போயி வைக்கிறேன்."

"யார் பேர்ல?"

"உன் பேர்ல."

"கூவணும். வாத்தியார் மொய்யின்னு கூவப்படாது."

"உன் பேரத்தான் கூவுவாக."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தாள். அன்று சேர்ந்த பணத்தில் தறிக்குழிகளைச் செப்பனிட்டு, கூரையை மாற்றினோம். எருமைகளை விற்றாள். கடைசி எருமையை வாங்கியவன் ஓட்டிக்கொண்டு போனபோது, சரியாகத் தீனி போடுவாயா என்று அவனைத் தெருமுனை வரை கேள்வி கேட்டுக்கொண்டே போனாள். முன்கூடத்தில் இரண்டு குடும்பங்கள் நெய்தன. "இந்தச் சத்தத்துல மனுசி கண்ணசர முடியுதா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் குறை சொல்வாள். வாடகை தரத் தாமதமானாலும் அவர்களைப் போகச் சொன்னதில்லை.

நான் திட்டம் போட்ட ஓய்வுக் காலம் சாய்வு நாற்காலியில் கழிந்திருக்கும். கிடைத்தது வேறு. விசேஷத்துக்கு விசேஷம் பஸ் ஏறினேன். தூசியில் நடந்தேன், பந்தலில் உட்கார்ந்தேன். அக்காவின் பேர் ஒலிக்கக் கேட்டேன். மதுரைக்கு இவ்வளவு அருகில் இத்தனை ஊர்கள் இருப்பது, சரித்திரமே படித்த எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திரும்பியதும் முதலில் செல்லூருக்குத்தான் போக வேண்டும். அவள் காத்திருப்பாள். பொண்ணு எப்படி, கூட்டம் எம்புட்டு, ரசம் எப்படி, யார் யாருக்குச் சண்டை? ஒன்றைக்கூட விடக்கூடாது. நான் விட்டுவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். இந்தப் பேச்சுக்கு நான் எவ்வளவு நன்றியுள்ளவன் என்பதை அவளிடம் சொன்னதில்லை. மன்னித்துவிட்டாயா என்றும் கேட்டதில்லை.

சில வருஷங்களில் எல்லா வீட்டுக்கும் திருப்பிச் செய்து முடிந்தது. கடைசி வீட்டுக்குப் போய் வந்து சொன்னேன். "இனிமே யாருக்கும் நீ செய்ய வேண்டியதில்லக்கா. தீந்துச்சு."

அவள் முகம் தொங்கிப்போனது. "அப்ப இனி எங்கயும் போக மாட்டியா?"

"கூப்பிட்டா போவேன்."

அக்கா சுருக்குப்பையை அவிழ்த்தாள். "வாடிப்பட்டிக்காரக வீட்டுல வர்ற வாரம் காதுகுத்தாம்ல? போயி எம் பேர்ல ஒண்ணு வச்சிட்டு வா. இது புதுசு."

"புது மொய்யா? இந்த வயசுல வச்சு எப்பக்கா திருப்பி வாங்குவ?"

"நான் எதுக்கு வாங்கணும்? உம் மகளுக்குப் பிள்ள பொறக்கும், நீ தட்டு வப்பேல்ல? அப்ப நீ வாங்கிக்க."

நான் அந்த ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் வாடிப்பட்டிக்குப் போனேன். கூட்டம் அதிகம், ரசத்தில் உப்பு தூக்கல். வந்து சொன்னேன்.